வராத இதழுக்கு ஏழு வரி

மாதம் 11 அல்லது 12 என்றால் தாமத வட்டி பூச்சியம். நிரலில் அந்த வரி சொன்னது அவ்வளவுதான். மூன்றரை வருடம் கணினி அதைப் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. எழுதியவன் நான், 2021இல், வடமராட்சிக் கரையோரத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கடன் கணக்குகளுக்காக எழுதினேன். படகு இயந்திரத்துக்கும் வலைக்கும் சங்கம் கடன் கொடுக்கிறது, உறுப்பினர்கள் மாதத் தவணையாகக் கட்டுகிறார்கள், தவணை பிந்தினால் வட்டி ஏறும். ஆனால் கார்த்திகையிலும் மார்கழியிலும் ஏறாது. வாடை பலத்து வீசும் அந்த நாட்களில் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையில் கிடக்கும், கையில் காசு இருக்காது. முகாமையாளர் வெறுந்தேத்தண்ணீர் ஊற்றித் தந்தபடி இதைச் சொன்னார். எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். "இதையெல்லாம் எழுதிவைப்பார்களா தம்பி? எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்று மாலையே யாழ்ப்பாணம் திரும்பி அந்த ஒற்றை வரியைச் சேர்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

2024இல் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை அந்த நிரலைத் துப்புரவாக்கினாள். கெட்டிக்காரி. கிளிநொச்சிப் பக்கம் வயல்செய்யும் குடும்பம். கார்த்திகை, மார்கழி என்றால் அவளுக்குக் காலபோகப் பயிர் பச்சைபிடித்து நிற்கும் மாதங்கள்; கடல் அவள் கணக்கிலேயே இல்லை. அந்த வரிக்கு மேலே நான் 'டெஸ்ட்2' என்று ஒரு மாறிக்கு, அதாவது நிரலில் ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் இடத்துக்கு, பெயர் வைத்திருந்தேன். கீழே 'டெம்ப்' என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே 11, 12 என்று காரணம் சொல்லாத இரண்டு எண்கள். யாரோ பரிசோதித்துப் பார்த்துவிட்டு அழிக்க மறந்தது என்று அவள் நினைத்ததில் என்ன பிழை? அழித்துவிட்டு என் ஒப்புதலுக்கு அனுப்பினாள். நான் பஸ்ஸில் இருந்தபடி கைப்பேசியில் மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். நானே எழுதிய வரி, நானே கேட்டு வந்த காரணம், கண்முன்னே நீக்கப்பட்டுக் கிடந்தது. எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை வடக்கை எப்படிப் போட்டு அடித்தது என்பது தெரியும். அந்த வருடம்தான் இது நடந்தது. அடுத்து வந்த தை மாதம் ஒரு காலை ஏழு மணிக்கு முகாமையாளரிடமிருந்து அழைப்பு. "தம்பி, கந்தோர் இன்னும் திறக்கவில்லை, அதற்குள் பத்துப் பேர் படலையடியில் நிற்கிறார்கள்" என்றார். அறுபத்து மூன்று உறுப்பினர்களுக்குத் தாமத வட்டி விதித்து எங்கள் மென்பொருள் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. ஒருவருக்கு 412 ரூபாய், இன்னொருவருக்கு ஆயிரத்துக்கு மேல். தொகை பெரிதில்லை. ஆனால் கடலுக்குப் போகாத மாதத்துக்கும் காசு கேட்கும் நிலைக்குச் சங்கம் வந்துவிட்டதா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி வலித்தது. மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் திருத்தி, மன்னிப்புக் கேட்டு இன்னொரு செய்தியும் அனுப்பினோம்.

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் நாங்கள் 'கிட்' என்ற கருவியில் பதிந்து வைக்கிறோம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டுவதற்கு அதில் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் 'பிளேம்'. தமிழில் பழி. பழைய பிரதியை எடுத்துக் கட்டளையைக் கொடுத்தேன். வரிக்கு வரி என் பெயர் வந்தது. அந்தப் பிள்ளை கண் கலங்கி என் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "அண்ணா, அது ஏன் என்று எங்கேயாவது எழுதியிருந்தீர்களா? நான் பார்க்காமல் விட்டுவிட்டேனா?" என்று கேட்டாள். அவள் எதையும் பார்க்காமல் விடவில்லை. நான்தான் எழுதவில்லை. நான் எழுதாததற்கு அவள் அழுதுகொண்டு நிற்கிறாளே என்பது அன்று முழுக்க என்னை அரித்தது.

எல்லாவற்றையும் விளக்கிய வாரம்

அடுத்த வாரம் எனக்கு வெறி பிடித்ததுபோல் இருந்தது. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு குறிப்பு எழுதினேன். 'இங்கே தவணையைக் கூட்டுகிறோம்.' 'இங்கே பட்டியலின் அடுத்த உறுப்பினருக்குப் போகிறோம்.' ஐந்நூறு வரி நிரல் தொள்ளாயிரம் வரியானது. வெள்ளிக்கிழமை அதை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பொறுமையாக வாசித்து முடித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "அண்ணா, இப்போது நிரலைத் தேடவேண்டியிருக்கிறது" என்றாள். அவள் சொன்னது உண்மை. கூட்டல் குறியைப் பார்த்தால் கூட்டுகிறது என்று யாருக்கும் தெரியும். தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தெரியாததை இன்னும் ஆழத்தில் புதைத்திருந்தேன். வாடைக்காலக் குறிப்பும் அதில் இருந்தது, நானூறு குறிப்புகளில் ஒன்றாக.

படிக்கிற காலத்தில் கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1984இல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் பரீட்சைக்காக வாசித்திருக்கிறேன். என்ன செய்யவேண்டும் என்று கணினிக்குக் கட்டளையிடுவதே நம் தலையாய வேலை என்ற நினைப்பை விடுங்கள். கணினி என்ன செய்யவேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ அதை மனிதர்களுக்கு விளக்குவதில் கவனம் வையுங்கள் என்பது அதன் சாரம். சொன்னதோடு அவர் நிற்கவில்லை. கணித நூல்களை அச்சுக்கோக்க அவர் எழுதிய 'டெக்' நிரலையே அப்படித்தான் எழுதினார். விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில் பின்னிக்கிடக்கும். ஒரு கருவி அதிலிருந்து மனிதர் வாசிக்கும் ஆவணத்தை நெய்து தரும், இன்னொன்று கணினிக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும். 1986இல் அந்த நிரல் முழுவதும் ஒரு புத்தகமாகவே வெளிவந்தது. பரீட்சையில் இதற்கு நல்ல புள்ளி வாங்கினேன். ஆனால் 'மனிதர்களுக்கு' என்ற சொல்லில் எந்த மனிதர் என்று ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. எல்லாம் தெரிந்தவரா? ஒன்றும் தெரியாதவரா? நானூறு குறிப்புகளை எழுதியபோது ஒன்றும் தெரியாத ஒருவரை மனத்தில் வைத்து எழுதினேன். முதல் தடவை எழுதியபோது யாரையுமே மனத்தில் வைக்கவில்லை.

அப்பப்பாவின் பைண்டிங்

அந்தச் சனிக்கிழமை கோண்டாவிலில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அப்பம்மா அங்கேதான் இருக்கிறார். தொண்ணூற்று மூன்று வயது. மழையில் அறையின் ஓடு ஒழுகி, றங்குப்பெட்டிகளையெல்லாம் விறாந்தைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றைத் திறந்து ஈரம் பார்த்தபோது அப்பப்பா பைண்ட் செய்து வைத்த 'பொன்னியின் செல்வன்' கிடைத்தது. ஐந்து பாகத்தில் மூன்றுதான் மிஞ்சியிருந்தன. மற்ற இரண்டும் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது வீட்டில் விட்டுவிட்டுப் போனவை. அடுத்த சித்திரையில் திரும்பிவந்தபோது இருக்கவில்லை.

அந்தக் கதை கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அப்பப்பா தபாற்கந்தோரில் வேலை செய்தவர். வாராவாரம் தொடரின் தாள்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்து, கடைசியில் சணல் நூலால் தைத்து, காக்கித் துணி ஒட்டி அட்டை போட்டிருந்தார். மணியத்தின் படங்களோடு நான் அதை வாசித்தது 1994இல், பத்து வயதில். மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கின் கீழே, எண்ணெய் தீருகிறது என்று அம்மா அதட்டும்வரை வாசிப்பேன். முதல் பாகத்தில் எனக்கு மறக்கவே முடியாத இடம் ஒன்று உண்டு. கடம்பூர் மாளிகையில் நடுநிசிக் கூட்டம். சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள், வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கிறான், மூடு பல்லக்கிலிருந்து மதுராந்தகர் வெளிவருகிறார். அந்த இருட்டு, அந்தத் திகில் எல்லாம் முப்பது வருடம் என்னோடு இருந்தன. நண்பர்களிடம் எத்தனையோ தடவை அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

விறாந்தைக் கதிரையில் இருந்து அந்த இடத்தைத் தேடிப் புரட்டினேன். குரவைக்கூத்து முடிந்தது. அடுத்த தாள் அச்சுத்தாள் இல்லை. கொப்பியிலிருந்து கிழித்த கோடுபோட்ட ஒற்றை. மையின் நீலம் போய்ப் பழுப்பேறியிருந்தது. மற்றத் தாள்களோடு சேர்த்தே ஒழுங்காகத் தைத்திருந்தார். எழுத்து அப்பப்பாவுடையது, சாய்வில்லாமல், தந்தி எழுதிப் பழகிய கைக்குரிய சிக்கனத்தோடு. அதில் இருந்தது இவ்வளவுதான்:

'இவ்வார இதழ் கிடைக்கவில்லை. நண்பர் வாசித்துச் சொன்னது:
கடம்பூரில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடினார்கள். பெரிய பழுவேட்டரையர் தலைமை.
சக்கரவர்த்திக்குப் பின் மதுராந்தகருக்கே பட்டம் என்பது அவர்கள் எண்ணம்.
மூடு பல்லக்கில் வந்தவர் மதுராந்தகர்தான்.
வந்தியத்தேவன் மேல்மாடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.
கேட்டது நண்பன் கந்தமாறனுக்குத் தெரியாது. இது முக்கியம்.
மற்றவை இல்லாவிட்டாலும் அடுத்த பக்கம் விளங்கும்.'

அந்த அத்தியாயத்தை நான் வாசித்ததே இல்லை. பத்து வயதில் நான் வாசித்தது இந்த ஒற்றைத் தாளைத்தான். இருட்டையும் திகிலையும் நானே போட்டு நிரப்பியிருக்கிறேன். அச்செழுத்துக்கு நடுவே கையெழுத்து வந்ததுகூட நினைவில் தங்கவில்லை. அவ்வளவு இயல்பாக அந்தத் தாள் என்னை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. கைப்பேசியை எடுத்து மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் தேடி, முதன்முதலாக, நாற்பத்தொரு வயதில் வாசித்தேன். எவ்வளவு நீளம்! எத்தனை குரல்கள்! என் கற்பனையைவிட அது பலமடங்கு உயிரோடு இருந்தது. கல்கி எழுதியதற்கு ஈடாக அந்த ஏழு வரியை யாரும் சொல்லமாட்டார்கள், அப்பப்பாவும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் கதையைத் தொடர்வதற்கு எது வேண்டும் என்பதை அவர் மிகச் சரியாக அறிந்திருந்தார். யார் எங்கே நின்றார், என்ன உடை உடுத்தியிருந்தார் என்று அவர் எழுதவில்லை. யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்று எழுதினார். 'இது முக்கியம்' என்ற இரண்டு சொற்களை ஒரேயொரு இடத்தில் வைத்தார்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும்போதுதான் எனக்கு விடிந்தது. அச்சில் இருக்கும் எதற்கும் அப்பப்பா குறிப்பு எழுதவில்லை. மூன்று பாகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஓரங்களில் ஓர் அடிக்கோடுகூட இல்லை. பக்கத்தில் இல்லாததை மட்டும் எழுதியிருக்கிறார். என் நிரலில் 'மாதம் 11, 12' என்பது அச்சில் இருந்தது. வாடைக்காற்று இல்லை. கரையில் கவிழ்த்துப் போட்ட படகு இல்லை. முகாமையாளர் சொன்ன சொல் இல்லை. வந்துசேராத இதழ் அதுதான்.

வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர்

அன்றிரவு கோண்டாவிலிலேயே தங்கி முதல் பாகத்தைத் தொடர்ந்து வாசித்தேன். சிறுவயதில் வாள்சண்டைக்கும் குதிரைக்கும் பாய்ந்து ஓடியவன், இந்தத் தடவை தையல்களைப் பார்த்துக்கொண்டு போனேன். தொடர்கதை எழுதுகிறவர் தன் வாசகரைப் பற்றி ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது: அவர் ஏழு நாள் கழித்து வருகிறார். நடுவே வீட்டில் கலியாணம் நடந்திருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், போன இதழைப் பக்கத்து வீட்டார் இரவல் வாங்கிப்போயிருப்பார்கள். அதனால்தான் கல்கி வாசகரை நேரே கூப்பிட்டுப் பேசுகிறார்; முன்னே பார்த்த ஒருவரைத் திரும்பக் கொண்டுவரும்போது அவரை அடையாளம் கண்டுகொள்ள ஒரு பிடி கொடுக்கிறார். பெரிய பழுவேட்டரையர் என்றால் அறுபத்து நான்கு விழுப்புண். ஆழ்வார்க்கடியான் என்றால் முன்குடுமியும் கைத்தடியும். ஐந்து பாகம், எத்தனையோ பாத்திரங்கள், ஆனாலும் நடுவில் எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும் சில வரிகளுக்குள் எங்கே நிற்கிறோம் என்று பிடிபடுகிறது. தலைப்புகளும் அப்படியே. 'கடம்பூர் மாளிகை', 'குடந்தை சோதிடர்', 'பல்லக்கில் யார்?' என்று உள்ளே என்ன நடக்கும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. என் நிரலில் 340 வரி நீளத்துக்கு ஒரு செயற்கூறு, அதாவது ஒரு வேலைக்கெனப் பெயரிட்டு ஒதுக்கிய நிரல் துண்டு, இருந்தது. அதற்கு நான் வைத்த பெயர் 'ப்ராசஸ்'. எதையோ செய்கிறது என்று அர்த்தம்.

நிரலைக் கவிதை என்று சொல்வது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கவிதையில் ஒரு சொல் இரண்டு பொருள் தந்தால் அழகு. நிரலில் அது கேடு. நாவலோடு ஒப்பிடுவதிலும் ஓரளவுக்குத்தான் போகலாம். பல்லக்கில் யார் என்று நம்மை ஏங்கவைப்பது கதைக்காரரின் உரிமை, நிரலாளருக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் தொடர்கதைக்கும் நிரலுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. இரண்டின் வாசகரும் நடுவில் வருகிறார். ஒருவரும் நிரலை முதல் வரியிலிருந்து தொடங்கி வாசிப்பதில்லை. ஏதோ ஒன்று உடைந்திருக்கும், காலை ஏழு மணியாக இருக்கும், பத்துப் பேர் படலையடியில் நிற்பார்கள், 217ஆம் வரியில் வந்து விழுவோம். அந்த நேரத்தில் வருகிறவர் முட்டாள் இல்லை. நிரல்மொழி அவருக்குத் தெரியும். அவருக்கு இல்லாதது போன இதழ் மட்டுமே. அவரை மனத்தில் வைத்து எழுதுவதை நான் இப்போது மரியாதையின் பாற்பட்ட விஷயமாகவே நினைக்கிறேன், வீட்டுக்கு வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பதுபோல.

திங்கட்கிழமை அந்தத் தாளின் படத்தை அவளுக்குக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து நானூறு குறிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, 'இது பக்கத்தில் இருக்கிறதா, இல்லையா?' என்று கேட்டுக் கேட்டு அழித்தோம். பதினொன்று மிஞ்சின. 'ப்ராசஸ்' ஒன்பது சிறிய செயற்கூறுகளானது. வாடைக்கால வரிக்குத்தான் அரைநாள் போனது. எங்கள் நிரல் எழுதப்பட்டிருக்கும் பைத்தான் மொழியில் 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். 'வாடைக்கால விலக்கு' என்று தமிழிலேயே எழுதிவிடுவோம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குக் கொழும்பிலிருந்து தமிழ் தெரியாத ஒருவர் இந்த நிரலைப் பொறுப்பெடுத்தால் அவரும் நடுவில் வருகிறவர்தானே என்று கேட்டாள். என் பாடத்தை எனக்கே சொன்னாள். கடைசியில் ஆங்கில எழுத்தில் 'வாடை' என்ற சொல்லை அப்படியே வைத்தோம், ஏனென்றால் பருவமழை என்றோ வடகிழக்குக் காற்று என்றோ எழுதினால் படகு கரையில் கிடப்பது அதற்குள் வருவதில்லை. கீழே நான்கு வரிக் குறிப்பு: எந்த மாதங்கள், ஏன், யார் சொன்னது, சங்கத்தைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். ஐந்தாவதாக அவள் ஒன்றைச் சேர்த்தாள்: 'இது முக்கியம்.' நிரல் முழுவதிலும் அந்தச் சொற்கள் அங்கே மட்டும்தான் இருக்கின்றன.

எனக்குத் தீராமல் ஒரு கேள்வி இருந்தது. அப்பப்பா அந்தத் தாளை யாருக்காக எழுதினார்? கதை தொடங்கிய காலத்தில் அவர் தனி ஆள். தானே வாசிக்கிறவருக்கு நண்பர் வாயால் கேட்டதே போதும், தாளில் எழுதித் தைக்கவேண்டியதில்லை. அடுத்த முறை போனபோது அப்பம்மாவிடம் கேட்டேன். கண் தெரிவதில்லை, தாளைக் கையில் கொடுத்ததும் விரலால் தையலைத் தடவிப் பார்த்தார். "நான் இந்த வீட்டுக்கு வந்தது 53ஆம் ஆண்டு. அதற்குள் கதை பாதிக்கு மேல் போய்விட்டது" என்றார். "வெள்ளிக்கிழமைகளில் அவர் வாசிப்பார், நான் ஒன்றும் விளங்காமல் இருப்பேன். கேட்க வெட்கம். ஒருநாள் பழைய தாள்களையெல்லாம் அடுக்கித் தைக்கத் தொடங்கினார்."

வாசித்துக் காட்டச் சொன்னார். ஏழு வரியையும் வாசித்தேன். கந்தமாறன் பெயர் வந்த இடத்தில் என்னை நிறுத்தி, "பாவம், அவனுக்குக் கடைசிவரை ஒன்றும் சரியாகப் பிடிபடாது" என்றார்.